திருச்சி விமான நிலையக் கையேடுகளில் விடுபட்ட வடக்குத் திசை

போன மார்கழியில் மலேசியாவிலிருந்து சித்தப்பா மகன் வந்திருந்தான். கெடா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவன். திருச்சியில் இறங்கி பெரம்பலூர் வரும் வழியெல்லாம் கைபேசியில் ஒரு பயணக் கையேட்டைப் படித்துக்கொண்டே வந்தான். வீட்டுக்கு வந்து காபி குடித்ததும் முதல் கேள்வி: "ஏண்ணே, நம்ம ஊர்ப் பக்கம் பார்க்க ஒண்ணுமே இல்லையா? இதுல எதுவும் போடலையே?"

எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவன் படித்ததையும், அதுபோல இணையத்தில் கிடைத்த பத்துப் பன்னிரண்டு கையேடுகளையும் உட்கார்ந்து படித்தேன். அந்த வாசிப்பின் குறிப்புகள்தாம் இவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். விமான நிலையத்தைப் பற்றிய பகுதி பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. 2024 ஜனவரி 2இல் திறக்கப்பட்டு, அந்த ஆண்டு ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புதிய முனையம், நகரத்திலிருந்து புதுக்கோட்டைச் சாலையில் எவ்வளவு தூரம், சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் விமானங்கள் என்று எல்லாம் உண்டு. பேருந்து விஷயத்தில்தான் சறுக்கல். வெளியூர்ப் பேருந்துகள் 2025இல் பஞ்சப்பூர் முனையத்துக்குப் போய்விட்டன. பல கையேடுகள் இன்னும் பயணியை மத்தியப் பேருந்து நிலையத்திலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன. இதைத் திருத்துவது எளிது.

சுலபமாகத் திருத்த முடியாத கோளாறு "அருகிலுள்ள சுற்றுலாத் தலங்கள்" என்ற பகுதியில் இருக்கிறது. மலைக்கோட்டை, திருவரங்கம், திருவானைக்கா, கல்லணை, தஞ்சைப் பெரிய கோயில். எதைத் திறந்தாலும் இதே வரிசை. இவை பார்க்க வேண்டியவைதான், அதில் சண்டை இல்லை. ஆனால் தஞ்சாவூர் திருச்சியிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். பெரம்பலூரும் கிட்டத்தட்ட அதே தூரம்தான், அதுவும் சென்னை நெடுஞ்சாலை மேலேயே. அப்படியென்றால் தூரம் காரணமில்லை.

மாவட்ட எல்லைதான் காரணம் என்பது என் ஊகம். 1995 வரை இந்தப் பகுதி முழுவதும் திருச்சி மாவட்டம்தான். அந்த ஆண்டு பெரம்பலூர் பிரிந்தது. அரியலூர் 2001இல் தனியாகி, மறு ஆண்டே திரும்பச் சேர்ந்து, 2007இல் மறுபடி தனியானது. கையேடு எழுதுகிறவர்கள் மாவட்டப் பட்டியலைப் பார்த்து எழுதுகிறார்கள். அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுகிறார். கங்கைகொண்ட சோழபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான கோயில். அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் கும்பகோணம், தஞ்சாவூர் சுற்றுலாவின் கடைசி வரியாகத்தான் வரும்.

சரி, என்னதான் விடுபட்டிருக்கிறது?

பாடாலூர் பக்கம் சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே கடல் இருந்தது. அதில் அடித்து வந்து புதைந்த மரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைப் பதிவு செய்தார். இந்தக் கடற்படிவுகளுக்குப் புவியியலில் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்றே பெயர். உலகெங்கும் புவியியல் படிப்பவர்களுக்குத் தெரிந்த இந்த ஊர்ப் பெயர்கள், திருச்சியில் இறங்குகிறவருக்குத் தெரிவதில்லை.

பெரம்பலூருக்கு வடக்கே நெடுஞ்சாலையை ஒட்டி ரஞ்சன்குடிக் கோட்டை. 1751இல் ஆங்கிலேயர் ஆதரித்த முகமது அலி தரப்பும் பிரெஞ்சுக்காரர் ஆதரித்த சந்தா சாகிப் தரப்பும் மோதிய வாலிகண்டபுரம் போர் இங்கேதான் நடந்தது. கோடிக்கணக்கானவர்கள் பேருந்து ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருக்கும் கோட்டை இது. வழியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில். அது வழக்கமாகத் திங்கள், வெள்ளி மட்டும்தான் திறந்திருக்கும். ஒரு கையேடு சொல்ல வேண்டியது இப்படிப்பட்ட விஷயத்தைத்தானே? செவ்வாய்க்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அரியலூர்ப் பக்கம் போனால் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம், பழுவேட்டரையர்களின் கீழப்பழுவூர், மேலப்பழுவூர்க் கோயில்கள், 2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம். கரைவெட்டிக்குக் குளிர்காலத்தில் போக வேண்டும். மேட்டூர்த் தண்ணீர் கால்வாயில் வந்து ஏரி நிறைந்தால்தான் பறவை. சித்திரையில் போய்விட்டு என்னைத் திட்டக் கூடாது.

"கையேட்டில் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிட்டது?" என்று கேட்கலாம். கள்ளமேட்டைச் சொல்கிறேன். அரியலூரை அடுத்த அந்த இடத்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 1980களில் யாதகிரி, அய்யாசாமி இருவரும் ப்ருஹத்காயோசாரஸ் என்ற மாபெரும் டைனோசருக்குப் பெயர் வைத்தார்கள். அந்த எலும்புகள் இன்று இல்லை, சிதைந்து போய்விட்டன. பயணக் கையேடு இருந்திருந்தால் அவை பிழைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சுண்ணாம்புக்கல்லை வெட்டி சிமென்ட் ஆக்கும் மாவட்டம் இது. ஆள் வந்து பார்க்கிற இடத்துக்குப் பலகை வரும், வேலி வரும், பேருந்து நிற்கும். யாரும் தேடி வராத கல், லாரியில் ஏறும்.

இன்னொன்று. இந்தக் கையேடுகள் மனத்தில் வைத்திருக்கும் வாசகர், இரண்டு நாள் ஓட்டலில் தங்கிவிட்டுப் போகும் வெளியூர்க்காரர். திருச்சி விமான நிலைய வாசலில் அரைமணி நேரம் நின்று பாருங்கள். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள், வழியனுப்ப வேன் பிடித்து வந்த குடும்பங்கள், தாத்தா ஊரைப் பார்க்க வரும் பேரப்பிள்ளைகள். இவர்களில் எத்தனையோ பேர் பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள். தங்கள் ஊர் இல்லாத கையேட்டைப் படித்துவிட்டு, அங்கே ஒன்றுமில்லை என்று நம்புகிறவர்களும் இவர்கள்தாம்.

மறுநாள் தம்பியைக் கங்கைகொண்ட சோழபுரம் கூட்டிப் போனேன். ராஜேந்திர சோழனின் தலைநகர் இது, அவனுக்குக் கடாரங்கொண்டான் என்று பட்டம், அந்தக் கடாரம்தான் உங்க கெடா என்று சொன்னேன். கொஞ்ச நேரம் விமானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். "இதைப் போடாம மலைக்கோட்டையில எத்தனை படின்னு மட்டும் போட்டிருக்கானுங்களேண்ணே" என்றான்.