சங்ககிரி: தூக்குமேடையை மட்டும் பார்த்தால் போதுமா?

சங்ககிரிக் கோட்டைக்குப் போகிற பெரும்பாலானவர்கள் ஒரே ஒரு இடத்தைப் பார்க்கத்தான் மலை ஏறுகிறார்கள். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டதாகச் சொல்லப்படும் உச்சிப் பகுதி. அங்கே நின்று ஒரு போட்டோ, அப்புறம் இறக்கம். யூடியூப் வீடியோக்களும் இதே ரூட்டுதான். ஆடிப் பதினெட்டுக்கு மரியாதை செய்வதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லைங்க. ஆனா, கோட்டையை இப்படி மட்டும் பார்த்தால் சின்னமலை எதற்காகச் சண்டை போட்டார் என்பதே பிடிபடாமல் போகிறது.

ஏறும்போது வழியில் இருப்பதைக் கொஞ்சம் கவனியுங்க. அடுத்தடுத்து வாசல்கள், மதில்கள், பாறையில் மழைநீர் தேங்கும் சுனைகள், தானியக் கிடங்கு, பெருமாள் கோயில், தர்கா. முற்றுகைக்காலத்தில் இதெல்லாம் தேவைதான். ஆனால் முற்றுகை எப்போதோ வருவது. மற்ற நாட்களில் இந்தக் கோட்டையின் வேலை வரி வசூல்.

சின்னமலை என்ற பெயர் வந்த கதையே இதைத்தான் சொல்கிறது. கொங்கில் வசூலித்து சங்ககிரிக்குக் கொண்டுபோன மைசூர் வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்தாராம். கேட்டால் சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கிற சின்னமலை பறித்ததாகச் சொல் என்றாராம். கதை எந்த அளவு உண்மையோ, சங்ககிரி என்றால் வரி என்று ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது பாருங்க.

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் சேலம் பக்கத்தோடு சங்ககிரியும் கும்பெனிக்குப் போனது. காவிரிக்கு மேற்கே கோயம்புத்தூர், எங்க உடுமலைப் பக்கமெல்லாம் 1799 வரை திப்புவிடம். ஆக, ஏழு வருஷம் இந்தக் கோட்டை ஒரு எல்லைப்புறத்தில் இருந்திருக்கிறது. சேலம் சீமையில் அலெக்சாண்டர் ரீட், அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. நிலத்தை அளந்து, விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறை உருவானது அங்கேதான்.

திப்புவின் பணத்தைப் பறித்தவர் பிறகு எப்படி திப்பு படையோடு சேர்ந்து கும்பெனியை எதிர்த்தார் என்று நண்பர்கள் கேட்பார்கள். தூக்குமேடையை மட்டும் பார்த்தால் இதற்குப் பதில் கிடைக்காது. கோட்டையைப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கும். ஆள் மாறினாலும் வசூல் மாறவில்லை. நேரடி வசூல் வரவும், நடுவில் இருந்த பட்டக்காரர்கள், பாளையக்காரர்களின் பிடி தளர ஆரம்பித்தது. சண்டைக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் வாசிப்பு. இதைச் சொன்னால் அவர் வீரம் ஒன்றும் குறைந்துவிடாது. எதை எதிர்த்து நின்றார் என்பது தெளிவாகும், அவ்வளவுதான்.

அடுத்த முறை போனீங்கன்னா, உச்சிக்குப் போகும் முன்னால் அந்தத் தானியக் கிடங்கு பக்கம் பத்து நிமிஷம் நில்லுங்க. யார் நெல்லு, யார் அளந்தது, யாருக்குப் போச்சு? மேலே நடந்த தூக்குக்கும் இந்தக் கேள்விகளுக்கும் சம்பந்தம் உண்டு.