புறங்கை மேல் ஒரு யாளி

வாளைப் பார்க்கிறவர்களின் கண் முதலில் அலகுக்குப் போகும். எனக்குப் பிடிக்குத்தான் போகும், அதிலும் கையைக் காக்கும் தகட்டுக்கு. என் ஊர் கீழக்கரை, பக்கத்திலேயே ராமநாதபுரம். அங்கே ராமலிங்க விலாசம் அரண்மனையின் வாளையும் ஈட்டியையும், எறி ஆயுதமான வளரியையும் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். ஆனால் அந்தத் தகட்டு வேலையின் உச்சம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது: தஞ்சாவூர் அரண்மனைக் கட்டாரிகள்.

கட்டாரியின் குறுக்குக் கம்பிகளை முட்டி மடக்கிப் பிடித்தால் விரல் கணுக்களுக்கு நேரே அலகு நீளும். பழைய தென்னாட்டுக் கட்டாரியில், அலகின் அடியிலிருந்து ஓர் எஃகுத் தகடு எழும்பிப் புறங்கை மேல் கவிகிறது. எங்கள் கரையில் ஒதுங்கும் சிப்பியின் வரிகளைப் போல மெல்லிய வரிகள் அதில் ஓடும். நுனி சுருண்டு யாளித் தலையாகவோ நாகமாகவோ முடியும். இடையில் கொடியும் இலையுமாகத் துளை வேலை. பொன் இல்லை, கல் இல்லை. இரும்பை எடுத்து எடுத்தே வந்த அழகு. எவ்வளவு எடுக்கலாம், எதற்குமேல் எடுத்தால் வெட்டு உள்ளே இறங்கும் என்பது அரம் பிடித்த கைக்குத் தெரிந்திருக்கிறது. வடநாட்டுக் கட்டாரிகளில் பெரும்பாலும் தகடு கிடையாது, பொன் பதித்திருப்பார்கள். தஞ்சைத் தகட்டின் முன் அந்தப் பளபளப்பு எனக்கு நிற்பதில்லை. இன்னொன்று: எதிரிக்குத் தெரிவது அலகின் முனைதான். யாளி தெரிவது பிடித்திருப்பவனுக்கு.

அலகுகளில் பல ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்தவை. இங்கே தறையாணி அடித்துப் பிடியோடு சேர்த்தார்கள்.

ஜப்பானிய வாளின் கைக்காப்பான ட்சுபாவிலும் இதே துளை வேலை உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் ஹிகோ மாகாணத்தில் இருந்த ஹயாஷி மதாஷிச்சி, 8 சென்டிமீட்டர் அளவிலான இரும்பு வில்லையில் செர்ரிப் பூக்களைத் துளைத்தெடுத்தார். அவருடைய அடக்கம் ஈடற்றது. ஆனாலும் தட்டைப் பரப்பில் பூவை அமைப்பதைவிட, கை வளைவுக்கு வளைந்த தகட்டில் கொடியை அறுபடாமல் ஓடவிடுவது கடினமான வேலை என்றே நினைக்கிறேன்.

ஜப்பானில் 1876-இல் வாள் அணியத் தடை வந்தது. அதற்கு முன்பே ட்சுபா கலைஞர் கானோ நட்சுவோ மெய்ஜி அரசின் நாணயங்களுக்கு வடிவம் தந்திருந்தார். கலை வேறு உலோகத்தில் தொடர்ந்தது. இங்கே 1801-இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் தென்சீமையில் ஆயுதத்துக்குத் தடை. 1855-இல் தஞ்சை அரசும் போக, ஆயுதசாலையிலிருந்து தேர்ந்தெடுத்தவை சென்னைக்கு வந்தன. மிச்சத்தில் பெரும்பகுதி பழைய இரும்பாகப் போனது.

தப்பியவற்றைப் பார்க்கப் போகிறவர்கள் நேர் எதிரே நிற்காதீர்கள். பக்கவாட்டில் நகர்ந்து, துளைகளின் ஓரத்தில் அரம் சாய்த்து இழைத்திருப்பதைப் பாருங்கள்.