எந்த நூற்றில் இருபத்தாறு?

‘இதய நோய்க்குப் புதிய மருந்து, ஆபத்து 26 விழுக்காடு குறைகிறது’ என்ற வகைச் செய்திகள் கடந்த சில ஆண்டுகளில் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். அப்படி ஒரு செய்தியை என் தாயார் கத்தரித்து, மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்தார். விடுமுறைக்கு ஊருக்குச் சென்றபோது அதை என்னிடம் நீட்டி, “ஏப்பா, காலேசுல பௌதிகமும் கணக்கும் சொல்லிக் குடுக்குறவன்தானே நீ? இந்த இருபத்தாறுல எனக்கு எம்புட்டு?” என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆனால் அதற்கு விடை சொல்ல அந்தச் செய்தியில் போதிய விவரம் இல்லை. அளவீட்டைப் பற்றி மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே நாம் சொல்வது ஒன்று உண்டு: அலகு இல்லாத எண் அளவீடு ஆகாது. அதுபோலவே, எதன் நூறு என்று சொல்லாத விழுக்காடும் பாதி அளவீடுதான். இதய நோய் ஆய்வுகளை நம் இதழ்கள் எடுத்துரைக்கும் முறையில் உள்ள இந்தக் குறையையும், அதனால் நாம் காணத் தவறுவதையும் இங்கே ஆராய்வோம்.

பெயரிலேயே ஒரு பிழை

முதலில் நோயின் பெயர். ‘இதயச் செயலிழப்பு’ என்றதும் இதயம் நின்றுவிட்டது என்றே பலர் பொருள் கொள்கின்றனர். அப்படியன்று. இது இதயத்தின் தளர்ச்சி. ‘ஹார்ட் வீக்’ என்று ஊரில் சொல்கிறார்களே, அது அச்சில் வரும் சொல்லைவிட உண்மைக்கு நெருக்கமானது.

நலமான ஒருவரின் இதயத்தில் இடது கீழறை நிரம்பும்போது சுமார் 120 மில்லிலிட்டர் இரத்தம் இருக்கும். ஒரு துடிப்பில் அதில் ஏறத்தாழ 70 மில்லிலிட்டரை அது வெளியே தள்ளுகிறது. அதாவது நூற்றுக்கு 58 பங்கு. எக்கோ அறிக்கையில் மருத்துவர் குறிக்கும் விழுக்காடு இதுவே. நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றும், சராசரி அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரசம் என்றும் கொண்டு கணக்கிட்டால் இடது கீழறையின் திறன் ஒரு வாட்டுக்குச் சற்றே கூடுதலாக வருகிறது. சிறிய விளக்கு ஒன்றுக்குப் போதுமான திறன்தான். ஆனால் அந்த விளக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் முறை, ஆயுள் முழுதும், அணையாமல் எரிய வேண்டும்!

மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி இறந்துபோனால் எஞ்சிய பகுதி பாரத்தைத் தாங்குகிறது. நாளடைவில் அறை விரிகிறது. பலூனை ஊதிப் பாருங்கள். உள்ளே அழுத்தம் மாறாதிருக்க, ஆரம் பெருகப் பெருகச் சுவரின் இழுவிசையும் பெருகும். விரிந்த இதயம் அதே வேலையைச் செய்யக் கூடுதலாக உழைக்க வேண்டும். உழைக்க உழைக்க மேலும் தளரும். காலில் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், நாலு படி ஏறினால் இளைப்பு ஆகியவை அதன் அறிகுறிகள்.

இருபத்தாறின் பின்னே

இனி அந்த எண்ணுக்கு வருவோம். அது ‘டாபா–எச்.எப்.’ என்ற ஆய்விலிருந்து வந்தது. 2019ஆம் ஆண்டு வெளியான இந்த ஆய்வில் இந்தியா உட்பட 20 நாடுகளைச் சேர்ந்த 4,744 நோயாளிகள் பங்கேற்றனர். எல்லோருக்கும் மேற்சொன்ன விகிதம் 40 அல்லது அதற்குக் கீழே. பாதிப் பேருக்கு டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை. மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. முதலில் நீரிழிவுக்காக வந்த இம்மருந்து, சிறுநீரகம் சர்க்கரையையும் சிறிது உப்பையும் மீண்டும் உறிஞ்சாமல் சிறுநீரோடு போக்கிவிடுகிறது. ஆய்வில் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நீரிழிவு இல்லாதவர்கள். அவர்களுக்கும் பயன் கிடைத்தது என்பதே இதன் சிறப்பு.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு என்ன? இதய–இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்களையும், இதயத் தளர்ச்சி முற்றி அவசர சிகிச்சைக்கு வந்தவர்களையும் சேர்த்து எண்ணினர். போலி மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 21.2 பேர், மருந்துக் குழுவில் 16.3 பேர். நிகழ்ந்த காலத்தையும் கணக்கிலெடுத்து இவ்விரண்டையும் வகுத்துப் பார்த்தால் 26 விழுக்காடு குறைவு. கழித்துப் பார்த்தால் நூற்றுக்கு 4.9 பேர். அதாவது சுமார் 20 பேர் ஒன்றரை ஆண்டு இம்மாத்திரையை உண்டால் அவர்களில் ஒருவர் அந்தத் தீங்கிலிருந்து தப்புகிறார்.

இரண்டுமே உண்மைதான். ஆனால் 26 என்பது கண்ணைப் பறிக்கும், 4.9 என்பது கணக்குக்கு உதவும். இன்னொன்றையும் கவனியுங்கள். சில செய்திகள் இந்த 26ஐ ‘மரணம் குறைகிறது’ என்று எழுதிவிட்டன. அது தவறு. மரணத்தை மட்டும், எக்காரணத்தால் வந்ததாயினும், தனியே எண்ணினால் 13.9க்கு எதிராக 11.6. வேறுபாடு நூற்றுக்கு 2.3 பேர். இதுவும் சிறிதன்று, ஏற்கனவே சிகிச்சை பெறுவோரிடம் இவ்வளவு பயன் காட்டும் மருந்துகள் மிகச் சிலவே. குறை ஆய்வாளர் மேலில்லை. அவர்கள் எல்லா எண்களையும் கொடுத்திருந்தார்கள். எடுத்து எழுதியவர்கள் ஒன்றை மட்டும் எடுத்தார்கள்.

‘ஏற்கனவே சிகிச்சை பெறுவோர்’

மேலே ‘ஏற்கனவே சிகிச்சை பெறுவோர்’ என்று எழுதினேன். செய்திகள் விட்டுவிட்ட மிக முக்கியமான விவரம் அதுதான். அந்த ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர், நாற்பதாண்டுகளாக மருத்துவம் ஒவ்வொன்றாகக் கண்டறிந்த அடிப்படை மாத்திரைகளை முன்பே உண்டு வந்தனர். புதிய மருந்து காட்டிய பயன் அந்த அடித்தளத்தின் மேல் எழுந்த மாடி.

நம்மிடம் அடித்தளம் எப்படி இருக்கிறது? அண்டை மாநிலத்தைப் பாருங்கள். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013இல் இதயத் தளர்ச்சியால் மருத்துவமனையில் சேர்ந்த 1,205 பேரை, ஸ்ரீசித்திரைத் திருநாள் நிலையத்து மருத்துவர் ஹரிகிருஷ்ணன் குழுவினர் பதிவுசெய்து தொடர்ந்து கவனித்தனர். அவர்களின் சராசரி வயது 61. இதயத்தின் தள்ளும் திறன் குறைந்தவர்களுள், வீடு திரும்பும்போது நெறிமுறைப்படியான மாத்திரைகள் எழுதிக் கொடுக்கப்பட்டவர்கள் நான்கில் ஒரு பங்கினரே! மருத்துவ வசதியில் நாடே எடுத்துக்காட்டாகச் சொல்லும் கேரளத்தின் தலைநகர் மாவட்டத்தின் நிலை இது. பின்னர் நாடு முழுவதும் 53 மருத்துவமனைகளில் 10,851 பேரைக் கொண்டு எடுத்த தேசியப் பதிவேட்டில் இந்த அளவு சற்று உயர்ந்து ஏறத்தாழ பாதியை எட்டியது. ஆயினும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேர் 90 நாட்களுக்குள் இறந்துபோனார்கள்.

இந்த எண்களைத் தலைப்பாகப் போட்ட நாளிதழை நான் பார்த்ததில்லை. புதிய மருந்து செய்தியாகிறது. பழைய மருந்து சென்று சேராதது செய்தியாவதில்லை.

மதிப்பெண் குறைவு, சாவு அதிகம்

நோய் வருமுன் கணிக்கும் ‘ஆபத்து மதிப்பெண்’ பற்றியும் இதே கேள்வியை எழுப்ப வேண்டும். 1948இல் அமெரிக்காவில் ஃபிராமிங்காம் என்னும் ஊரில் 5,209 பேரைக் கொண்டு தொடங்கிய ஆய்வே இதற்கு மூலம். புகை, இரத்த அழுத்தம், கொழுப்பு, வயது என ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்துக் கூட்டினால் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்புத் தெரியும். சிறந்த முயற்சி. ஆனால் ஓரூர்த் தராசு எல்லா ஊருக்கும் சரியாக நிறுக்குமா? உலக சுகாதார நிறுவனமே 2019இல் உலகை 21 வட்டாரங்களாகப் பிரித்துத் தனித்தனி அட்டவணைகள் வெளியிட வேண்டியதாயிற்று.

இதைவிட வியப்பான செய்தி ‘ப்யூர்’ ஆய்வில் கிடைத்தது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில் 17 நாடுகளில் நடந்த ஆய்வு இது. சென்னையும் அதன் மையங்களுள் ஒன்று. 1,56,424 பேரைச் சராசரியாக நான்காண்டு கவனித்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆபத்து மதிப்பெண் செல்வ நாடுகளில் மிக அதிகம். இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளில் மிகக் குறைவு. ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதயத் தளர்ச்சி, இவற்றால் மரணம் ஆகிய நிகழ்வுகளோ, ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் செல்வ நாடுகளில் 3.99, ஏழை நாடுகளில் 6.43! நோய் தாக்கியவர்களில் இறந்தோர் அங்கே நூற்றுக்கு 6.5, இங்கே 17.3. நகரத்தையும் கிராமத்தையும் ஒப்பிட்டாலும் இதே கதை. மதிப்பெண் நகரத்தில் அதிகம். நிகழ்வும் சாவும் கிராமத்தில் அதிகம்.

இந்த ஆய்வையும் கேள்வி கேட்காமல் ஏற்க வேண்டியதில்லை. செல்வ நாடுகள் என்று எடுத்தவை மூன்றே. ஊர்களும் குலுக்கலில் தேர்ந்தவையல்ல. ஈ.சி.ஜி. எடுக்க வழியில்லாத ஊரில் இலேசான மாரடைப்பு ‘வாய்வு’ என்று கணக்கில் வராமலே போய்விடும். அப்போது கடுமையானவை மட்டும் எண்ணப்பட்டு, சாவு விகிதம் உள்ளதைவிடப் பெரிதாகத் தோன்றும். இது நியாயமான ஐயம். ஆனால் இதே பிழை மொத்த நிகழ்வுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டியிருக்க வேண்டும். அப்படியிருந்தும் அது ஏழை நாடுகளில் அதிகமாகவே வந்தது. ஆகவே முடிவின் திசை மாறவில்லை.

ஏன் இந்த முரண்? மதிப்பெண் உடலுக்குள் இருப்பதை மட்டுமே அளக்கிறது. மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர், மாத்திரை மாதம் தவறாமல் கிடைக்கிறதா, இரவு பத்து மணிக்கு வண்டி உண்டா என்பவற்றுக்கு அதில் கட்டமே இல்லை.

விட்டுப்போன கட்டம்

இதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. எங்கள் ஊர் காளையார்கோவிலுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூர். நான்காண்டுகளுக்கு முன் ஓர் இரவு என் தாயாருக்கு நெஞ்சுவலி. முதலில் சென்ற சிறு மருத்துவமனையில் அந்நேரம் ஈ.சி.ஜி. எடுக்க ஆளில்லை, ஊசி போட்டு அனுப்பினர். மதுரைக்குப் போய் அடைப்பு நீங்கும்போது ஐந்து மணி நேரம் கடந்துவிட்டது. அவர் புகைப்பவரல்லர், சர்க்கரையும் இல்லை. எந்த அட்டவணையிலும் அவர் ‘குறைந்த ஆபத்து’ வரிசையில்தான் இருந்திருப்பார். அவருடைய இதயத் தசையைக் கொன்றது அந்த ஐந்து மணி நேரமே.

அந்நேரத்தைக் குறைக்க முடியுமா? முடியும் என்று தமிழ்நாட்டிலேயே செய்து காட்டியிருக்கிறார்கள். 2012 முதல் 2014 வரை நடந்த ஒரு திட்டத்தில், சக்கரத்தின் குடமும் ஆரங்களும் போலப் பெரிய மருத்துவமனைகளையும் சுற்றியுள்ள சிறிய மருத்துவமனைகளையும் இணைத்தனர். சிறிய இடத்தில் எடுத்த ஈ.சி.ஜி. செல்பேசி வழியே பெரிய இடத்து நிபுணருக்குச் சென்றது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே கொடுத்து, பின்னர் 108 வண்டியில் நோயாளியை அனுப்பினர். திட்டத்துக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 17.6, பின்பு 14.2. கழித்துப் பாருங்கள்: 3.4 பேர்.

இதற்கும் நம் தராசு ஒன்றே. இது குலுக்கல் ஆய்வன்று, முன்–பின் ஒப்பீடு. இடைப்பட்ட காலத்தில் வேறு எதுவும் மாறியிருக்கலாம். மருத்துவமனையில் இருக்கும்போதே நேர்ந்த இறப்புகளில் வேறுபாடு காணப்படவில்லை. புதிய மாத்திரையின் 2.3ஐயும் இந்த 3.4ஐயும் நேராக ஒப்பிடவும் கூடாது. நோயாளிகள் வேறு, காலமும் வேறு. ஆயினும் ஒன்று தெளிவு. ஒழுங்கான ஏற்பாடும் ஒரு மருந்தைப் போலவே உயிர் காக்க வல்லது. அதையும் மருந்தைப் போலவே அளக்கலாம். 2023 முதல் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகளை இருப்பில் வைத்துக் கொடுக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. உங்கள் ஊர் நிலையத்தில் அவை உண்டா, ஈ.சி.ஜி. உண்டா, இரவில் எடுக்க ஆள் உண்டா என்று ஒரு நாள், நோயில்லாத நாளில், சென்று கேட்டு வாருங்கள்.

இனி ஆபத்து குறைகிறது என்று எங்கே படித்தாலும் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். எத்தனையிலிருந்து எத்தனையாகக் குறைகிறது? எவ்வளவு காலத்தில்? ஏற்கனவே எந்தச் சிகிச்சை பெற்றவர்களிடம்? இம்மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அது விளம்பரமாக இருக்கலாம். அறிவியல் செய்தி ஆகாது. ஆனால் எண்ணைப் பார்த்து மருத்துவரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தவோ தொடங்கவோ கூடாது.

என் தாயாருக்கு இப்படித்தான் விடை சொன்னேன்: “அந்த இருபது பேர்ல தப்பிக்கிற ஒருத்தர் நீங்களா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்மா. அது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. ஆனா பழைய மாத்திரை ஒரு வேளைகூட விட்டுப்போகாம இருந்தாத்தான் புதுசுக்கே மதிப்பு.” அவர் தலையசைத்தார். ஒரு எடை பார்க்கும் கருவியும் வாங்கிக் கொடுத்தேன். நாள்தோறும் காலையில் எடை பார்த்துச் சுவர் நாட்காட்டியில் குறித்து வருகிறார். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் உடலில் நீர் கோக்கிறது என்று பொருள். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நாட்காட்டியில் விழுக்காடு எதுவும் இல்லை. கிலோ என்ற அலகோடு, நாள் தவறாமல், அவருடைய அளவீடு மட்டும் இருக்கிறது.