பேழையும் பொறியும்

பழங்கைக்கடிகாரம் வாங்குவோரிடையே ஒரு மயக்கம் நிலவுகிறது. பொறியை நோக்குமுன்பே, அது முதலில் விற்கப்பட்ட பேழை உண்டா என வினவுகின்றனர். பேழைக்கு மதிப்பில்லை என்பதன்று நம் கருத்து. அஃது எதற்குச் சான்றாகும் என்பதே வினா.

1957இல் வெளிவந்து, 1969இல் நிலவுப் பயணத்திலும் இடம்பெற்ற ஒமேகா ஸ்பீட்மாஸ்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பழம்பேழை தனியாகவும் விலைக்குக் கிடைக்கிறது. எந்தக் கடிகாரத்தை உள்ளே வைத்தாலும் பேழை மறுத்துரையாது! எண்ணிட்ட உத்தரவாதச் சீட்டு அத்தகையதன்று. அவ்வெண், உள்ளியந்திரத்தில் பொறித்த எண்ணோடு ஒத்திருத்தல் வேண்டும். பின்மூடியைத் திறந்து காட்ட மறுக்கும் வணிகரிடம் சீட்டிருந்தும் பயனில்லை.

கடிகாரத்தின் நிலையோ வேறு. மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் எஃகுக் கூடு சிறிது தேய்கிறது. வார் பொருந்தும் கொம்புகளின் கூரிய விளிம்பு மழுங்கினால், இழந்த உலோகம் மீள்வதில்லை. முகப்பின் ஒளிப்புள்ளிகள் பழுத்து மஞ்சளித்திருக்க, முட்களின் ஒளிப்பூச்சு மட்டும் வெண்மையாயிருப்பின், முட்கள் மாற்றப்பட்டனவோ என ஐயுறுதல் தகும். முகப்புக்கே மறுவண்ணம் தீட்டியிருப்பின், எத்துணை அழகிய பேழையும் அக்குறையை ஈடுசெய்யாது.

பேழையை உயர்த்துவோர் கூறுவதில் ஒன்று ஏற்கத்தக்கது: அணியாது பேணியமைக்கு அஃது ஓர் அறிகுறியாகலாம். ஆயினும், அணியாத கடிகாரத்திலும் எண்ணெய் உலரவே செய்யும். செப்பனிடும் செலவை விலையோடு கூட்டிப் பார்த்தாரா வாங்குபவர்?

தேய்ந்தது பேழையுடனும், தேயாதது பேழையின்றியும் ஒரே விலைக்கு வரின், பின்னதையே யான் எடுப்பேன். பேழையைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.