அரைமண்டியும் ஆரோக்கியமும்

மகளை நாட்டியத்துக்கு அனுப்பும் தாய்மாரிடம் காரணம் கேட்டால், கலையின் மேன்மையைச் சொல்பவர் சிலர், "உடம்புக்கு நல்லதுதானே?" என்பவரே பலர். பரதநாட்டியத்தைத் தேகாப்பியாசமாகக் கொள்ளும் இவ்வெண்ணம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை, கலைப்பெருமையைச் சற்றே ஒதுக்கிவிட்டுச் சரீரத்தின் பக்கம் நின்று ஆராயலாம்.

முதுகு நிமிர்ந்திருக்க, முழங்கால்கள் இருபுறமும் விரிந்து மடங்க, கைகள் தோள்மட்டத்தில் நீண்டிருக்க, அந்த அரைமண்டியிலேயே தட்டடவை மூன்று காலங்களிலும் ஆடி முடிக்கும் மாணவி, தொடைக்கும் இடுப்புக்கும் தோளுக்கும் ஒருசேர வேலை கொடுக்கிறாள். தாளத்தை விடாமல் பிடிக்க மனமும் விழித்திருக்க வேண்டுமாதலால், தண்டாலும் பஸ்கியும் எடுப்பவனுக்கு நேரும் சலிப்பு அவளை எளிதில் அண்டுவதில்லை. (தேகப்பயிற்சிக்குச் சலிப்பே பரம சத்துரு என்பதை, தை மாதத்தில் சங்கல்பம் செய்து மாசியில் கைவிட்டவன் என்ற உரிமையோடு சொல்கிறேன்.) தஞ்சை நால்வர் வகுத்த கச்சேரி முறையில் நடுநாயகமாக விளங்கும் வர்ணமோ, பெரும்பாலும் அரைமணி நேரத்துக்கு மேல் நீள்வது, தீர்மானத்தில் மூச்சிரைக்க ஆடி, அபிநயத்தில் இளைப்பாறி, மீண்டும் ஜதிக்குத் திரும்பும் அதன் அமைப்பு, இக்காலப் பயிற்சியாளர்கள் கடிகாரத்தைப் பார்த்துச் செய்விக்கும் காரியத்தை லயத்தைக் கொண்டே சாதித்துவிடுகிறது.

வயதும் இதற்குப் பெருந்தடையன்று. 1904-இல் பிறந்த ருக்மிணி தேவி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று அடையாற்றில் முதன்முதல் ஆடியது 1935-இல். அதற்கு முன்பே அவர் மேனாட்டு பாலே பயின்றிருந்தார் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

ஆனால் அரைமண்டியின் விரிவு இடுப்பு மூட்டிலிருந்து பிறக்க வேண்டியது. எலும்பின் அமைப்பால் இடுப்பு அவ்வளவு திரும்பாத பிள்ளையை, 'இன்னும் உட்கார், இன்னும் விரி' என்று நெருக்கும்போது, குறைந்த விரிவை அவள் முழங்காலையும் கணுக்காலையும் முறுக்கி ஈடுசெய்கிறாள். பாதம் ஒரு திசையும் முழங்கால் வேறு திசையும் பார்க்கும் இந்நிலையில், மொஸைக் தரையிலோ மொட்டைமாடியின் சிமெண்டுத் தளத்திலோ வெறுங்காலால் ஓங்கித் தட்டும் ஒவ்வொரு தட்டின் அதிர்ச்சியும் எங்கே போய்ச் சேரும் என்பதைச் சொல்ல வைத்தியர் வேண்டியதில்லை. ஆடுமுன் உடம்பைச் சூடேற்றும் வழக்கமும் பல வகுப்புகளில் நமஸ்காரத்தோடு முடிந்துவிடுகிறது. மேலும், நீட்டிய கை களைக்குமே தவிரப் பாரம் தூக்கிய கையின் பலத்தை அடையாது.

அளவையும் பார்ப்போம். வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான உழைப்பும், இரண்டு நாளேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் யோசனை. பிள்ளைகளுக்கோ நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம். வாரத்தில் இருநாள் ஒவ்வொரு மணி நேர வகுப்புக்குச் சென்று, அதிலும் பாதியைத் தன் முறைக்காகச் சுவரோரம் காத்திருந்து கழிக்கும் சிறுமி இக்கணக்கின் அருகிலும் வருவதில்லை. அரங்கேற்றம் என்ற ஒரு நாளை நோக்கி விரட்டப்பட்டு, உருப்படிகளின் எண்ணிக்கை கூடக் கூட அடவுப் பயிற்சி குறைந்துகொண்டே போவதும், அந்த நாள் கழிந்ததும் சலங்கையை மூட்டை கட்டிவிடுவதும், ஆரோக்கியத்தின் கண்கொண்டு பார்த்தால், மரத்தை நட்டு மாலை சாற்றிவிட்டுத் தண்ணீரை நிறுத்துவது போன்றதே. மேடையே ஏறாமல், நாள்தோறும் அரைமணி நேரம் தட்டடவும் நாட்டடவும் முதலிரண்டு காலங்களில் மட்டும் ஆடிவரும் நாற்பது வயதுக் குடும்பப் பெண்ணுக்கு நம் நாட்டிய உலகம் இன்னும் ஒரு வகுப்பு வைக்கக் காணோம். வைத்தால், மரப்பலகைத் தளத்தோடு வைக்கட்டும்.