மேளம் கையில், கூட்டம் எங்கே?

ஜாவாவின் 'கென்டாங்' கைபேசிச் செயலியாக வந்துவிட்டது. திரையில் மேளத்தின் படம். பெரிய வாயைத் தொட்டால் ஒரு சத்தம், சின்ன வாயைத் தொட்டால் இன்னொன்று. அவ்வளவுதான். மரபு காப்பாற்றப்பட்டது என்று ஒரு கட்சி; மரபைக் கொன்னுட்டாங்க என்று இன்னொரு கட்சி. இரண்டுமே கென்டாங்கை ஒரு 'பொருள்' என்றே எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கென்டாங் என்பது என்ன? பலா மரத்தைக் குடைந்து, இரு வாயிலும் தோல் கட்டி, கிடத்தி வைத்து வெறுங்கையால் அடிக்கும் மேளம். வெண்கல வாத்தியங்கள் நிறைந்த கமெலான் குழுவில் அது ராகம் எதையும் சுமப்பதில்லை. ஆனால் மொத்தக் குழுவும் அதன் சொல்படிதான் நடக்கிறது. எப்போது வேகம் குறையணும், எப்போது அடுத்த பகுதிக்குத் தாவணும், எப்போது கடைசி கோங்குக்குள் அடங்கணும் என்பதைக் கென்டாங் சொல்லும். 'இராமா' என்று ஐந்து படிகள் இருக்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும்போது மூல ஓட்டம் விரிந்து நிதானமாகும். அதன் ஒவ்வொரு சுரத்துக்கும் நுணுக்க வாத்தியங்கள் இடும் அடிகள் இரட்டிப்பாகும். காலமே விரிந்து சுருங்குகிறது. இந்த விரிப்பும் சுருக்கமும் மேளக்காரரின் கையில்.

அவரும் எஜமானர் இல்லை. வாயாங் நிழல்கூத்தில் பொம்மைப் பெட்டியை மரச்சுத்தியால் தட்டி தாலாங் சைகை காட்டுவார். அதைக் கேட்டு மேளக்காரர் குழுவுக்குக் கடத்துவார். ஆட்டத்தில் ஆடுபவரின் உடம்பைப் பார்த்து அடிக்கணும். ஆக, கென்டாங்கின் ஒவ்வொரு அடியும் ஒரே சமயத்தில் கட்டளை, ஒரே சமயத்தில் பதில். குறி தனியே நின்று அர்த்தம் தராது என்பது நமக்குப் பழகிய பாடம். செயலி குறிகளை மட்டும் பிய்த்தெடுத்து வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறது. கட்டளை இருக்கிறது; கேட்க ஆளில்லை.

சரி, அதற்காகப் பழைய அரண்மனையைக் கும்பிடணுமா? கூடாது. வெண்கலக் கமெலான் காசுள்ளவன் சொத்து. சுரகர்த்தா, யோக்யகர்த்தா அரண்மனைகளின் பெருமையும் அது. வாத்தியத்தைத் தாண்டிப் போகக் கூடாது என்ற பயபக்தியும் உண்டு. பெண் பெரும்பாலும் பாடகியாக, 'பெசிந்தென்' ஆக உட்காருவாள். மேளம் பெரும்பாலும் ஆண் கையில். இப்போது ஒரு சிறுமி கைபேசியை எடுத்துத் தட்டினால் யார் தடுப்பது? இயந்திர மறுஉற்பத்தி கலையைச் சடங்கிலிருந்து விடுவிக்கும் என்று வால்ட்டர் பெஞ்சமின் 1930களில் எழுதியது இங்கே பொருந்துகிறது. இந்த விடுதலையைச் சும்மா தள்ளிவிட முடியாது.

ஆனால் விடுவித்த கையே உறையவும் வைக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுரகர்த்தாவில் எண் குறியீடு வந்தது. 1956இல் அங்கேயே லோகனந்தா ஒலிப்பதிவு நிறுவனம் வந்தது, பின்னால் கேசட்டுகள். இசை ஊர் ஊராகப் போனது. கூடவே, அந்தந்த ஊரின் பாணி தேய்ந்து சுரகர்த்தா பாணி 'சரியான' பாணி ஆனது. ஒரு கமெலானின் சுருதி இன்னொன்றோடு ஒத்துப்போகாது என்பதே அந்த மரபின் இயல்பு. செயலியிலோ எல்லோருக்கும் ஒரே ஒரு மேளம், ஒரே 'தக்'. 2021இல் யுனெஸ்கோ கமெலானை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறியதைப் படமாகவும் பொத்தானாகவும் மாற்றுவது சுலபம். நான் இறக்கிப் பார்த்த செயலியில், அந்த ஓசைகளை அடித்தவர் பெயர் எங்கும் இல்லை. மரபு காப்பாற்றப்படுகிறது, மரபுக்காரரின் கை காணாமல் போகிறது.

ஆகவே 'அசலா, போலியா' என்ற கேள்வியை விட்டுவிடலாம். அது பண்டிதர்களின் கவலை. நாம் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கருவி யாரை யாரோடு சேர்க்கிறது? அந்தச் சிறுமி திரையில் தட்டிப் பழகி, நாளைக்கு ஒரு குழுவில் போய் உட்கார இடம் கிடைத்தால் செயலி வாசல். இல்லையென்றால் அது தனியறை. கென்டாங் தெரியும் என்பதற்கு ஒரே சோதனைதான் உண்டு. நீ மெதுவாக்கும்போது இன்னொருத்தர் மெதுவாகணும். திரை மெதுவாகாது.