எந்திர ஆசானும் எல்லோர்க்கும் பள்ளியும்

அமெரிக்க எழுத்தாளர் ஐசக் அசிமோவ், 1951இல் சிறுவர்க்கென எழுதிய சிறுகதை ‘தி ஃபன் தே ஹேட்’. அவர்கள் அடைந்த மகிழ்ச்சி என்று தமிழில் சொல்லலாம். சில பக்கங்களே கொண்ட அக்கதையை, 2006இல் வெளிவந்த நடுவண் பாடத்திட்ட ஒன்பதாம் வகுப்பு ஆங்கில நூல் முதற் பாடமாகவே வைத்தது. செயற்கை நுண்ணறிவு வகுப்பறைக்குள் கால் வைத்துவிட்ட இந்நாளில், அக்கதையில் பாராட்ட வேண்டியதைப் பாராட்டி, கேட்க வேண்டியதைக் கேட்பது நம் கடமை.

கதை நடக்கும் ஆண்டு 2157. பதினொரு வயதுச் சிறுமி மார்ஜிக்குப் பள்ளி என்பது படுக்கையறையை அடுத்த ஓர் அறை. ஆசிரியர் என்பது ஓர் எந்திரம். அது திரையில் பாடம் காட்டும்; வினாத் தொடுக்கும்; நொடியில் மதிப்பெண் போடும். ஒருநாள் தோழன் டாமி பழைய அச்சு நூலொன்றைக் கண்டெடுக்கிறான். அக்காலத்தில் மனிதரே ஆசிரியராம்! அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் ஓரிடத்தில் கூடிக் கற்றனராம்! மார்ஜி, எந்திரத்தின் முன் அமர்ந்தபடியே அந்தப் பிள்ளைகளை எண்ணி ஏங்குகிறாள்.

அசிமோவ் எந்திரத்தை அரக்கனாக்கவில்லை. அதற்கு அறிவில் குறைவில்லை. ஆனால், மார்ஜியின் அருகே அமர ஒருவரில்லை. ஒரே பாடத்தை உடன் படித்து, ஐயம் கேட்கவும் சொல்லவும் துணையில்லை. கல்வியின் உயிர்நிலையில் விரல் வைத்துவிட்டார் ஆசிரியர். வாழ்க அவர் கூர்மை!

ஆயினும், அவர் விரைந்து கடந்துவிடும் காட்சி ஒன்றுண்டு. மார்ஜி புவியியலில் தொடர்ந்து தோற்கிறாள். வட்டார ஆய்வாளர் வருகிறார், எந்திரத்தைப் பிரிக்கிறார், குற்றம் சிறுமியுடையதன்று, புவியியற் பகுதியின் வேகமே மிகுதி என்கிறார். எந்திரம் தோல்வி என்று எழுதிக்கொண்டே இருந்தது. அதன் தவற்றைக் காண ஒரு மனிதர் வரவேண்டியிருந்தது! பிறகு அவர் செய்தது என்ன? பத்து வயதுப் பிள்ளையின் சராசரி அளவுக்கு வேகத்தைக் குறைத்தார். அவளைக் கேட்டாரா? இல்லை.

“அவரவர்க்கு ஏற்ற கல்வி!” மார்ஜியின் தாய் நம்பும் கொள்கை இது. இன்று கல்வி எந்திரம் விற்போர் ஏந்தும் கொடியும் இதுவே. இனிய சொல்தான். ஆனால், ஏற்றது எது என்று அளப்பவர் யார்? எந்த அளவுகோலால்?

நமக்கு அந்த அளவுகோல் புதிதன்று. 1953இல் ஆச்சாரியார், தொடக்கப்பள்ளியின் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளை தந்தையின் தொழிலைப் பழகட்டும் என்றார். பிறந்த வீடே அளவுகோலாயிற்று! குலக்கல்வி என்று கூறித் தமிழகம் கொதித்தெழுந்தது. 1954இல் அத்திட்டம் ஒழிந்தது.

கடல் கடந்தும் இக்கதை தொடர்ந்தது. கொரோனாவால் தேர்வு நடவாத 2020இல், இங்கிலாந்தில் ஏ லெவல் மாணவர்க்கு ஆசிரியர் தந்த மதிப்பீட்டைக் கணக்கீட்டு முறை ஒன்று திருத்தியது. அப்பள்ளியில் முந்திய ஆண்டுகளில் படித்தோர் எவ்வாறு தேறினர் என்பது அதன் முதன்மையான அளவுகோல்களுள் ஒன்று. ஏறத்தாழ நூற்றுக்கு 40 முடிவுகள் ஆசிரியர் சொன்னதினும் தாழ்ந்தன. மிகச் சிறிய வகுப்புகளில் மட்டும் ஆசிரியர் சொல் நின்றது. அத்தகைய வகுப்புகள் கட்டணப் பள்ளிகளிலேயே மிகுதி! ஆகஸ்டு 13இல் முடிவு வந்தது. மாணவர் தெருவுக்கு வந்தனர். 17ஆம் நாளே அரசு அம்முறையைக் கைவிட்டது. அது வெறும் கணக்கீட்டு முறைதான். இன்றைய செயற்கை நுண்ணறிவு அன்று. எனினும், நேற்றைய கணக்கை வைத்து நாளைய பிள்ளையை அளக்கும் ஆபத்து இரண்டுக்கும் பொது. அங்கே பள்ளியின் பழங்கணக்கு. இங்கே தந்தையின் தொழில். பெயர் வேறு, நோய் ஒன்று.

அசிமோவிடம் இன்னொரு கேள்வி. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாருமா கூடினர்? அவர் எழுதிய 1951இல், அமெரிக்கத் தென்மாநிலங்களில் கருநிறப் பிள்ளைகளைச் சட்டமே தனிப்பள்ளியில் ஒதுக்கியிருந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் உரைத்தது 1954இல்தான். மார்ஜி ஏங்கும் பொதுப்பள்ளி, பொற்காலம் விட்டுச் சென்ற சொத்தன்று. போராடிப் பெற்ற உரிமை. முழுமையாகப் பெறுமுன்பே அதை எந்திரத்துக்கு ஈடாகக் கொடுப்பதா?

எந்திரமே வேண்டாமென்பது பகுத்தறிவாகாது. பார்வையற்ற மாணவர்க்கு நூலைப் படித்துக் காட்டட்டும். ஆசிரியரின் சுமையைக் குறைக்கட்டும். அதற்கும் விலையுண்டு என்பதை மறவோம்: 2024இல் உலகின் தரவு மையங்கள் உண்ட மின்சாரம் ஏறத்தாழ 415 டெராவாட் மணி என்பது பன்னாட்டு ஆற்றல் முகமையின் மதிப்பீடு. அத்தனையும் கல்விக்கன்று, ஆனால், வீட்டுக்கொரு எந்திர ஆசான் என்றால் அந்தப் பசி இன்னும் வளரும். மார்ஜியின் எந்திரம் எதை உண்டு உழைத்தது என்று கதை சொல்லவில்லை. நாம் கேட்டாக வேண்டும்.

எந்திரம் துணை நிற்கலாம், தீர்ப்பு எழுதலாகாது. எழுதுமானால், அதைப் பிரித்துப் பார்க்கும் உரிமை ஆசிரியர்க்கும், “ஏன்?” என்று கேட்கும் உரிமை மாணவர்க்கும் வேண்டும். மார்ஜிக்கு வேகம் குறைந்த எந்திரம் கிடைத்தது. அவள் விரும்பியதோ, பக்கத்தில் ஒரு பிள்ளை. அந்த விருப்பத்தை நிறைவேற்றுவதே கல்வி!